புது கேமுக்குப் பழைய டேப்பட்

வடசென்னையில் மலை கிடையாது. லாரிக்காரனுக்கு மேம்பாலம்தான் மலை. முழு லோடில் மூலக்கடை மேம்பாலத்தை எந்த கியரில் ஏறுகிறது என்று பார்த்தே வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நைனா (என் அப்பா) சொல்லிவிடுவார். மூன்றில் ஏறினால் கவலையில்லை. 2017 கோடையில் எங்கள் வண்டி இரண்டுக்கு வந்தது. ஒரு நாள் மதியம் பாலத்தின் பாதியிலேயே வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. இறங்கி ஓரங்கட்டினால், ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் பொங்கித் தரையெல்லாம் ஓடியது.

வண்டி 2003-ஆம் வருட டாடா 1613. பதினாறு டன், நூற்று முப்பது குதிரைத்திறன் என்பதைத்தான் அந்த நம்பர் சொல்கிறது. உள்ளே இருப்பது 697 டர்போ இன்ஜின். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் அகலம்), 128 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 5675 சிசி. டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் 1954-இல் கைகோத்த காலத்துப் பரம்பரை. கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுக்கு ஒன்றாக மூக்கு வைத்த தண்டு, பிளாக்குக்குள்ளே இருக்கும். அது டேப்பட் என்கிற சின்ன உருளையைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தூக்கும், புஷ் ராடு ராக்கரை ஆட்டும், ராக்கர் வால்வைத் திறக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கண்ணும் காதும் சந்து அளக்கிற ஃபீலர் கேஜும் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட் போயிருக்கிறதா என்று கழற்றாமலே பார்க்க ஒரு வழி உண்டு. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டது என்றால், எரியும் கேஸ் தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி வருவதும் தெரியும். எங்களுக்கு இரண்டும் வந்தது. ஆயில் பால் மாதிரி வெளுக்கவில்லை என்பதால் "ஹெட்டா இருக்காது" என்று நான் ஒரு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். விரிசல் எந்த இடத்தில் விழுகிறதோ அதைப் பொறுத்தது அது. கேஸ் தண்ணீருக்குள் போகும், தண்ணீர் ஆயிலுக்குள் போகாது, இப்படியும் நடக்கும்.

மாதவரத்தில் எங்கள் மேஸ்திரி பாய் ஹெட்டை இறக்கினார். மூன்று, நாலு சிலிண்டர்களில் காற்று வரும் இன்லெட் வால்வு உட்காருகிற சீட்டுக்கும் புகை போகும் எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி விரிசல். ஹெட்டில் மிகவும் சூடாகிற இடம் அதுதான். அதைவிட என்னை உலுக்கியது தண்ணீர் ஓடும் வழிகள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பழுப்பு வெள்ளையாகப் படலம் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. வெந்நீர் போட்டுப் போட்டு அடியில் உப்பு கட்டின அண்டா பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. அந்தப் படலத்தைத் தாண்டி வெப்பம் தண்ணீருக்குப் போகாது. தண்ணீர் நிரம்பியே இருக்கும், முள் நடுவிலேயே நிற்கும், இரும்பு மட்டும் உள்ளே வேகும்.

காரணம் நாங்கள்தான். பல வருடமாக நிறுத்துகிற இடத்து போர்வெல் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றிவந்தோம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல் நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் என்று வாயில் வைக்க முடியாத தண்ணீர் எங்கள் பக்கம் நிறைய உண்டு. வீட்டில் குடிக்க கேன் தண்ணீர், வண்டிக்கு உப்புத் தண்ணீர். அதற்கு மேல் இன்னொரு கூத்து. எப்போதோ வண்டி சூடானபோது யாரோ ஒரு டிரைவர், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருக்கிறார். அப்படிச் செய்தால் குளுமையாக ஓடும் என்பது எங்கள் பக்கத்து வேதம். லேசான லோடில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் கரி கட்டும், போர் தேயும். தெர்மோஸ்டாட் பைபாஸ் வழியையும் அடைக்கிற மாதிரி வடிவமைத்த இன்ஜின்களில் இன்னும் மோசம். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வரும்.

ராக்கர் கவரைத் திறந்தபோதே பாய் கேமையும் பார்த்துவிட்டார். டயல் கேஜ் வைத்து இன்ஜினைச் சுற்றினால், இரண்டு புஷ் ராடுகள் மற்றவை அளவுக்கு எழும்பவில்லை. கேமின் மூக்கு தேய்ந்துவிட்டது. இதற்கும் எங்கள் ஊர் ஒரு காரணம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டினால், கண்டெய்னரே ஏற்றாத நாங்களும் பின்னால் மாட்டிக்கொள்வோம். நாளைக்கு நூறு கிலோமீட்டர்கூடத் தேறாது, ஆனால் இன்ஜின் பத்து மணி நேரம் ஓடியிருக்கும். நாங்களோ கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தோம். ஐடிலில் ஆயில் பிரஷர் குறைவு, கேமுக்குத் தெறிக்கிற ஆயிலும் குறைவு. மீட்டர் சொன்னதைவிட அந்த ஆயிலுக்கு வயது அதிகம். இப்போது நான் மணிக்கணக்கை நோட்டில் எழுதிவைத்து, 250 மணிக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

சரி, ஹெட்டையும் மாற்ற வேண்டும், கேமையும் மாற்ற வேண்டும் என்று ஆனபிறகு, எனக்கு ஆசை வந்தது. எப்படியும் பிரிச்சாச்சு, கொஞ்சம் பவர் ஏற்றினால் என்ன? வால்வை அதிகமாகத் தூக்குகிற கேம் போட்டால் வண்டி பறக்கும் என்று ஒரு நண்பன் ஏற்றிவிட்டான். பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு ஒரு பழைய பிஸ்டனை எடுத்துக் காட்டினார்.

"தம்பி, இது மேல வரும்போது ஹெட்டுக்கும் இதுக்கும் நடுவுல எவ்ளோ எடம் இருக்கும் தெரியுமா? ஒரு மில்லி கிட்டதான். டீசல் வண்டிடா இது. நீ சொல்ற கேம போட்டா வால்வு பிஸ்டன்ல போய் முத்தம் குடுக்கும்."

அதோடு விடவில்லை. பெட்ரோல் காரில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கிற நேரத்தைக் கூட்டினால் அதிக வேகத்தில் பவர் வரும். எங்கள் வண்டி வாழ்வது 1200-லிருந்து 2000 ஆர்பிஎம் வரைக்கும்தான். அந்த இடத்தில் அப்படிப்பட்ட கேம் இழுவையைத் தின்னும். டர்போ கஷ்டப்பட்டு அமுக்கித் தருகிற காற்று எரியாமலே எக்ஸாஸ்ட் வழியே ஓடும், இல்லையென்றால் எக்ஸாஸ்டில் இருக்கிற அழுத்தம் திரும்பி உள்ளே வரும். தவிர, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியின் மூல அளவுகளை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. வருடா வருடம் எஃப்சிக்குப் (தகுதிச் சான்றுக்குப்) போகிற வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டேன். கேம் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும், தரத்தை ஏற்றுவோம் என்று முடிவானது. எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் இன்சர்ட், புது கைடு, கைடுக்கு ஆயில் சீல், புது வால்வு, புது ஸ்பிரிங்.

ஹெட் மட்டும் பழையது வாங்கினோம். பழைய ஹெட் வாங்குவது தப்பில்லை, சோதிக்காமல் வாங்குவதுதான் தப்பு. சிவப்பு மை தெளித்துத் துடைத்து வெள்ளைப் பவுடர் அடிக்கிற சோதனை மேலே தெரிகிற விரிசலைக் காட்டும். உள்ளே இருப்பதைக் காட்டாது. தண்ணீர் வழிகளையெல்லாம் தகடு வைத்து அடைத்து, ஹெட்டை வெந்நீரில் முக்கி, உள்ளே காற்றை ஏற்றி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற சோதனைதான் நம்பத்தக்கது. வெந்நீர் ஏன் என்றால், சில விரிசல்கள் இரும்பு சூடாகி விரிந்தால்தான் வாய் திறக்கும். நாங்கள் பார்த்த முதல் இரண்டு ஹெட்டும் பச்சைத் தண்ணீரில் தேறி வெந்நீரில் தோற்றன. மூன்றாவது தேறியது. விற்பவரிடம் "சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தருவேன்" என்று முன்னாலேயே பேசிவைத்திருந்ததால் பிழைத்தேன்.

லேத்தில் ஹெட்டின் முகத்தை மட்டம் பார்த்துச் சீவினார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. இந்த மாதிரி டீசல் ஹெட்டில் வால்வின் தலை ஹெட்டின் முகத்தைவிடக் கொஞ்சம் உள்ளே பதிந்திருக்க வேண்டும். முகத்தைச் சீவச் சீவ வால்வு வெளியே வந்துகொண்டே இருக்கும், பிஸ்டனை நெருங்கும். அதனால் சீட்டையும் அந்த அளவுக்கு ஆழம் வெட்ட வேண்டும். ஆழம் அதிகமானாலும் தொல்லை. கம்ப்ரஷன் இறங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும். டீசல் தெளிக்கிற நாசிலின் முனையும் ஹெட்டைச் சீவிய அளவுக்கு வெளியே நீளும், அதற்கு வாஷர் கனத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வால்வுக்கும் ஆழம் அளந்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் "எல்லாம் கரெக்டா இருக்கு" என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

இவ்வளவு கறாராக இருந்தவன்தான் மூவாயிரம் ரூபாயில் விழுந்தேன்.

புது கேமோடு பன்னிரண்டு டேப்பட்டும் வாங்கச் சொன்னார் பாய். செலவு அதற்குள் எகிறிவிட்டது, வண்டி நின்று பதினெட்டு நாள் ஆகிவிட்டது, மாதத் தவணை வேறு கழுத்தில். பழைய டேப்பட்டைத் துடைத்துப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. "நல்லாத்தானே இருக்கு பாய், இதையே போடுங்க" என்றேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "பழைய செருப்ப எடுத்து இன்னொருத்தன் கால்ல மாட்டுனா கடிக்குமா கடிக்காதா?" என்று கேட்டார். நான் கேட்கவில்லை. அவரும் அதற்கு மேல் சண்டை போடவில்லை.

டேப்பட்டின் அடிப்பக்கம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் அது மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமின் மூக்கும் ஒரு பக்கம் மிக லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்வதால்தான் கேம் தூக்கும்போதெல்லாம் டேப்பட் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுகிறது. சுற்றுவதால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. வருடக்கணக்காக ஓடிய டேப்பட்டின் அடி அந்தப் பழைய மூக்குக்கு ஏற்றபடி குழிந்துபோயிருக்கும். அதைப் புது மூக்கின் மேல் வைத்தால் சுற்றாது. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்க்கும். புது கேமை அரம் வைத்து ராவுவதற்கு ஆள் வைத்த மாதிரிதான். ஒரு ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை டேப்பட் அடியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் நடுவில் சந்து தெரிந்திருக்கும். பளபளப்பைப் பார்த்தேன், வடிவத்தைப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மாதம் வண்டி ராஜா மாதிரி ஓடியது. மூலக்கடை பாலத்தை மூன்றில் ஏறியது, நைனா வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் மெல்ல ஒரு சத்தம். டிக், டிக் என்று ஒரே ஒரு இடத்தில். வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியைச் செட் செய்தோம், பத்து நாளில் திரும்ப வந்தது. திரும்பச் செட் செய்தோம், ஒரு வாரத்தில் வந்தது. ஒரே வால்வின் சந்து மறுபடி மறுபடி விரிந்துகொண்டே போனால் நட்டு இளகுகிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள். கீழே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. நான்காவது மாதம் கரும்புகை, இழுவை செத்துவிட்டது, இன்லெட் பக்கத்தில் டப் டப் என்று அடித்தது. நாலாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் மூக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தது. எரிந்த கேஸ் முழுசாக வெளியே போக வழியில்லாமல், இன்லெட் திறந்ததும் அந்தப் பக்கம் பாய்ந்திருக்கிறது.

கேம் போனது போகட்டும். தேய்ந்த இரும்பு எங்கே போகும்? ஆயிலோடு சேர்ந்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. ஆயில் தேங்குகிற சம்பைக் கழற்றினால் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தால் காகித மடிப்புகளில் மினுமினுப்பு. மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங் எல்லாவற்றிலும் கோடு. டர்போவின் ஷாஃப்டும் ஆடியது. மூவாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய், இரண்டாவது கேம், பேரிங் செட், டர்போ ரிப்பேர், மறுபடி இருபத்திரண்டு நாள் வண்டி நின்ற நட்டம் என்று கட்டினேன். கணக்கை நைனாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. இன்றுவரைக்கும்.

இரண்டாவது தடவை பாய் சொன்னதுதான் சட்டம். ஆயில் கூலரை மாற்றினோம். அதற்குள் போன இரும்புத்தூளை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது என்றார். பிளாக்கின் ஆயில் வழிகளை, அவற்றை அடைத்திருக்கிற டம்மிகளைக் கழற்றி, நீள பிரஷ் விட்டு டீசலால் கழுவினோம். புது கேம், புது டேப்பட் பன்னிரண்டு. புஷ் ராடுகளைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தோம், இரண்டு வளைந்திருந்தது. கேம் புஷ்ஷும் மாற்றினோம். டைமிங் கியர் குறிகளைப் பொருத்திவிட்டு, மூடுவதற்கு முன் என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் சந்தேகம் வந்தால் கியர் கவரைத் திறக்க வேண்டியதில்லை.

ஹெட்டை ஏற்றுவதற்கு முன் பாய் கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "மேல எல்லாம் புதுசு பண்ணிட்ட, கீழ ரிங் தாங்குமா?" தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் போரும் இருக்கிற இன்ஜினில் ஹெட்டை மட்டும் நன்றாக்கினால், மேலே கசிந்துகொண்டிருந்த அழுத்தம் இனி கீழேதான் வழி தேடும். இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் குழாயில் புகை கூடும், ஆயில் குடிக்கும். பேக் கம்ப்ரஷன் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். ஹெட் வேலைக்கு முன்னாலேயே, இன்ஜின் சூட்டில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன் மேலேயே கவிழ்த்து வைத்துப் பாருங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் ரிங்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள். எங்கள் வண்டிக்கு 2014-இல்தான் ஸ்லீவ், பிஸ்டன் போட்டிருந்தோம், தப்பித்தோம்.

போல்ட்டுகளின் நீளத்தை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம், நீண்டுபோன மூன்றைத் தூக்கிப்போட்டோம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக, டார்க் ரெஞ்சில். போல்ட் துளைகளுக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் ரெஞ்ச் காட்டுகிற இறுக்கம் பொய். அதனால் ஒவ்வொரு துளையையும் காற்றடித்துக் காய வைத்தார்.

வால்வு செட்டிங் எனக்கே கற்றுக்கொடுத்தார். ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4. ஒன்றுக்கு ஜோடி ஆறு, ஐந்துக்கு ஜோடி இரண்டு, மூன்றுக்கு ஜோடி நான்கு. ஆறாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கிற அந்த ஆட்டம் தெரியும்போது ஒன்றாவதைச் செட் செய்யலாம். இப்படியே ஜோடி மாற்றி மாற்றிப் போனால் பிளைவீல் குறியைத் தேடவே வேண்டாம். ஆறிய இன்ஜினில் எங்களுடையதற்கு இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். உங்கள் இன்ஜினுக்கு மேனுவலைப் பாருங்கள், பக்கத்து வண்டிக்காரரைக் கேட்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட் பற்றித்தான் நிறையப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். புது கேமுக்கும் டேப்பட்டுக்கும் வாழ்நாள் முடிவாவது முதல் இருபது நிமிடத்தில். மூக்குகளிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவியிருந்தார். டீசலை நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்தோம். பிடித்ததும் ஐடிலில் விடக்கூடாது. 1500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, கொஞ்சம் ஏற்றி இறக்கி, இருபது நிமிடம். முதல் தடவை நான் செய்தது நேர் எதிர். புது இன்ஜின் என்று பயந்து அரைமணி நேரம் ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். ஆயில் 15டபிள்யூ-40 சிஐ-4. ஐந்நூறு கிலோமீட்டரிலேயே வடித்தோம், ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம், சுத்தம். வால்வு இடைவெளியையும் அப்போதே ஒருமுறை சரிபார்த்தோம்.

இது 2018 தை மாதம். பறக்கிற வண்டியாக ஆகவில்லை. லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, நாலைத் தொட்டது. அதில் எவ்வளவு ஹெட்டால், எவ்வளவு கேமால், எவ்வளவு தெர்மோஸ்டாட் திரும்ப வந்ததால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே பம்பையும் நாசிலையும் காலிபரேஷனுக்குக் கொடுத்தேன், அதற்கும் பங்கு இருக்கும். ரேடியேட்டரில் இப்போது கலந்தே வருகிற கூலண்ட் மட்டும்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் கேன் எப்போதும் கிடக்கிறது.

தேய்ந்த கேமை நைனா எடைக்குப் போட விடவில்லை. ஷெட் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். நாலாவது எக்ஸாஸ்ட் மூக்கு மேலே தெரிகிற மாதிரிதான் வைத்திருக்கிறார்.